ஒரு லட்சம் டாலர் மட்டுமா பிரச்சனை? அந்த ஸ்பான்சர் கையெழுத்தைப் பத்திப் பேசுவோம்



போன வருஷம் செப்டம்பர் 20, சனிக்கிழமை. காலையில எழுந்து போனைப் பார்த்தா டைம்லைன் முழுக்க ஒரே செய்தி. புது எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டுட்டார். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். நம்ம ஐடி விங் குரூப் சும்மா இருக்குமா? 2019ல் ஹூஸ்டன் ஸ்டேடியத்தில் கைகோத்து நடந்த படத்தையும் 88 லட்சம் பில்லையும் ஒட்டி ஏழு மணிக்கே ஒரு மீம் ரெடி. செஞ்சது நான்தான். நல்லாவே ஓடுச்சு, உங்கள்ல பல பேர் ஷேர் பண்ணியிருப்பீங்க.

எட்டரை மணிக்கு ஒரு வாட்ஸ்அப் கால். என் காலேஜ் ஹாஸ்டல் சீனியர். "மீம் பார்த்தேன்டா, நல்லாத்தான் இருக்கு. நான் இப்ப மீனம்பாக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நியூ ஜெர்சியிலிருந்து மூணு வார லீவில் வந்தவர். வந்து ஆறே நாள். மறுநாள் மகாளய அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகணும்னு அவங்க அம்மா வேன் வரைக்கும் பேசி வச்சிருந்தாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கம்பெனியிலிருந்து மெயில்: உடனே திரும்பி வா. இந்திய நேரப்படி ஞாயிறு காலை 9:31க்கு உத்தரவு அமலுக்கு வருது. அதுக்குள்ள அமெரிக்க மண்ணுல கால் வைக்கலைன்னா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஒரு கண்ணுல கட்டு பிரிக்கலை. இருந்த காசுக்கு டிக்கெட் எடுத்துட்டு அந்த மனுஷன் ஓடினார்.

வர்த்தக அமைச்சர் லுட்னிக் முதல்ல இது வருஷா வருஷம் கட்ட வேண்டிய பணம்னு சொன்னார். மறுநாள் வெள்ளை மாளிகை செய்தித் தொடர்பாளர், இல்லை, ஒரே தடவைதான், புது மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கனவே விசா வச்சிருக்கிறவங்க போகலாம் வரலாம்னு விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் வந்தப்போ நம்ம சீனியர் கடலுக்கு மேல பறந்துட்டிருந்தார். இறங்கினதும் எனக்கு அனுப்பின மெசேஜ் இவ்வளவுதான்: "எனக்கு இல்லையாம்டா."

மீமை நான் எடுக்கலை. அதுல சொன்ன அரசியல் இன்னிக்கும் சரிதான். ஆனா 2,000 லைக் வாங்கின அந்தப் படத்துல ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. பத்து வருஷம் ஒரு நாட்டுல வேலை செஞ்சு, வரி கட்டி, வாடகை கொடுத்து வாழ்ற ஒருத்தர், கம்பெனி ஒரு மெயில் போட்டதும் அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுட்டு ஏன் ஓடணும்? அந்தப் பயம் எங்கிருந்து வருது? இப்ப மார்ச் மாதம், அடுத்த குலுக்கல் நேரம். அதனால இதைப் பேசியே ஆகணும்.

ஸ்பான்சர்னா நமக்கு காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு பேனர் வைக்கிற கடைக்காரர். அங்கே அர்த்தம் வேற. எச்-1பி விசாவுக்கு நீங்க விண்ணப்பிக்க முடியாது. உங்களுக்காக ஒரு அமெரிக்க முதலாளிதான் மனு போடணும். குலுக்கலில் பேரைப் பதிவு பண்றது அவர், அதுக்கு 215 டாலர் கட்டறது அவர், இந்த வேலைக்கு இவ்வளவு சம்பளம் தருவேன்னு தொழிலாளர் துறைக்கு உறுதிமொழி கொடுக்கிறது அவர், குடியேற்றத் துறைக்கு மனுவை அனுப்புறதும் அவர். கடைசியில் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்துல அமெரிக்க துணைத் தூதரக வாசல்ல வரிசையில் நிக்கிறது மட்டும்தான் நீங்க. பாஸ்போர்ட்ல ஒட்டுறது உங்க பேர் போட்ட விசாதான், ஆனா அது நிக்கிறது அவர் போட்ட மனு மேல.

எங்க ஊர் ராமநாதபுரம் பக்கம். எங்க சித்தப்பா 14 வருஷம் குவைத்துல டிரைவர். இதை நான் அவர்கிட்ட விளக்கினப்போ அரை நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டார். "அட, கஃபீல்!" என்றார். கஃபீல் சம்மதிச்சாத்தான் அக்காமா புதுப்பிக்கும், கஃபீல் ரிலீஸ் கொடுத்தாத்தான் வேற இடத்துக்கு மாற முடியும், கஃபீலோட முறைச்சுக்கிட்டா ஊருக்கு டிக்கெட். வளைகுடாவுக்குப் போன நம்ம ஜனங்களுக்கு இது ரெண்டு தலைமுறைப் பாடம். டிகிரி வாங்கி அமெரிக்கா போனவங்க அதையே கோட்டு சூட்டுல பார்க்கிறாங்க.

சித்தப்பா ஒப்பீடு முழுசா சரின்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கிறது குற்றம். வேற கம்பெனி உங்களுக்காக மனு போட்டா, அது அதிகாரிகள் கையில் சேர்ந்த அன்னிக்கே நீங்க அங்கே வேலைக்குச் சேரலாம், பழைய முதலாளி கிட்ட அனுமதி கேட்க வேண்டாம். 2000ல் கொண்டுவந்த சட்டம் அது, நல்ல சட்டம். ஆனா வேலை போனா? 60 நாள். அதுக்குள்ள இன்னொரு ஸ்பான்சர் கிடைக்கணும், இல்லைன்னா வேற விசா வகைக்கு மாறணும், இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணி, கார் லோனை அடைச்சு, பிள்ளைங்க டிசி வாங்கிட்டுக் கிளம்பணும். லே-ஆஃப் சீசன்ல 60 நாள்ங்கிறது எவ்வளவு சின்னதுன்னு உங்க சொந்தத்துல யாராவது அங்கே இருந்தா கேட்டுப் பாருங்க.

சீனியர் கதைக்கே திரும்ப வர்றேன், அவர் அனுமதியோடதான் எழுதறேன். எனக்கு கேம்பஸ்ல வந்த ஆஃபர் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்கும் கம்மி. அவருக்கு எனக்கு முன்னாடியே அதே தொகை. ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்பற ஐயாயிரம் போனா கையில் ஒண்ணும் நிக்காது. அதனால வீட்டுப் பத்திரத்தை வச்சு கடன் வாங்கி எம்.எஸ். படிக்கப் போனார். படிச்சு முடிச்சதும் எச்-1பி போட்டுத் தர்றோம்னு ஒரு கன்சல்டன்சி வந்தது. நடத்தினது நம்ம தென்னிந்திய ஆட்களேதான், பேர் வேண்டாம். "ஃபைலிங் செலவு" என்று ஒரு தொகை, அதுவும் அமெரிக்காவில் தர வேண்டாம், இங்கே அப்பா அக்கவுண்ட்ல இருந்து இங்கே இருக்கிற ஒரு அக்கவுண்ட்டுக்குப் போடணும். ஏன் இங்கேன்னு அவர் கேட்கலை. கேட்டாலும் பதில் நமக்குத் தெரியும்.

குலுக்கல்ல பேர் வந்துச்சு. விசா வந்துச்சு. பிராஜெக்ட் வரலை. கெஸ்ட் ஹவுஸ்னு பேர், ரெண்டு ரூம்ல ஆறு பேர், நாலு மாசம் "பெஞ்ச்". சம்பளம் பூஜ்ஜியம். ரெஸ்யூமேல இல்லாத அனுபவத்தை ஏத்தி இன்டர்வியூ கொடுக்கச் சொன்னாங்க. சாயங்காலம் ஒரு பெட்ரோல் பங்க்ல நின்னு சம்பாதிக்கலாமான்னு யோசிச்சிருக்கார். அதைச் செஞ்சா விசா விதிமீறல், அதனால அதையும் செய்யலை. அந்த நாலு மாசமும் ரைஸ் குக்கரும் ஊர்லேருந்து கொண்டு போன புளிக்காய்ச்சலும்தான்.

இப்ப சட்டத்தைப் பாருங்க. பெஞ்ச்ல உட்கார வச்சாலும், வேலை இல்லைங்கிறது முதலாளி பிரச்சனைன்னா, சொன்ன சம்பளத்தை முழுசா கொடுத்தே ஆகணும். மனு போட்ட செலவு, வக்கீல் செலவு, அரசுக் கட்டணம் எல்லாம் முதலாளி தலையில்தான் விழணும். அதைத் தொழிலாளி கிட்ட வசூலிக்கக் கூடாது. பாதியில் விட்டுட்டுப் போனா அபராதம்னு மிரட்டக் கூடாது. தொழிலாளர் துறையில் கொடுத்த உறுதிமொழியின் நகலை நீங்க வேலைக்குச் சேர்ற நாளுக்குள்ள உங்க கையில் கொடுக்கணும். இத்தனையும் அமெரிக்கச் சட்டம். மீறினா டபிள்யூ.எச்.-4ங்கிற படிவத்துல 12 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு.

ஏன் கொடுக்கலைன்னு கேட்டேன். "கொடுத்தா அவன் பெட்டிஷனை வாபஸ் வாங்குவான். அன்னிலேருந்து 60 நாள் எண்ணணும். வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு" என்றார். அவருக்கு இருந்த உரிமை எல்லாம் தாள்ல இருந்துச்சு. அந்தத் தாளை எடுத்து நீட்டற கையை ஸ்பான்சர் பிடிச்சு வச்சிருந்தான்.

ஒரு லட்சம் டாலர் உத்தரவு இந்தக் கன்சல்டன்சி ஆட்களை ஒழிக்கத்தான்னு சொல்றாங்களே, அதையும் நேர்மையா பேசுவோம். அமெரிக்கத் தொழிலாளியின் கோபத்துல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆர்லாண்டோவில் டிஸ்னி கம்பெனி 2015 வாக்குல சுமார் 250 ஐடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புச்சு. போறதுக்கு முன்னாடி, தங்களுக்குப் பதிலா வந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு அவங்களே பயிற்சி கொடுக்கணும்னு ஆச்சு. நம்ம அப்பாவுக்கு அப்படி நடந்தா நாம ரோட்டுல உட்கார்ந்திருப்போம். குலுக்கல்லயும் கூத்து நடந்தது. ஒரே ஆளுக்கு நாலஞ்சு கம்பெனி பேர்ல சீட்டு போட்டு, 2023 மார்ச்ல வந்த பதிவு ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டுச்சு. இருக்கிற இடமோ வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை படிச்சவங்களுக்கு இன்னும் 20,000. அடுத்த வருஷத்திலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுன்னு மாத்தினதும் பதிவு மளமளன்னு இறங்கிடுச்சு. அந்தத் தில்லுமுல்லுல நம்மாட்கள் பங்கு இருந்துச்சு, மறைக்க வேண்டாம்.

சம்பள விஷயமும் அப்படித்தான். அந்த ஊர்ல அந்த வேலை பார்க்கிற நூறு பேரை சம்பள வரிசைப்படி நிக்க வச்சா, கீழேயிருந்து 17வது ஆள் வாங்கறதுதான் முதல் நிலை எச்-1பிக்குக் குறைந்தபட்சம். ரெண்டாம் நிலைக்கு 34வது ஆள். நடுவுல நிக்கிறவர் சம்பளத்தைவிடக் குறைச்சுக் கொடுக்கச் சட்டமே வழி வச்சிருக்கு. எச்-1பி ஆட்களையே நம்பி நடக்கிற கம்பெனிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. ஆனா 60,000 டாலர் சம்பளம் கொடுத்துட்டா அதுலேருந்து விலக்கு. அந்த 60,000 எப்ப வச்ச கணக்கு? 1998. அப்ப நான் பிறக்கவேயில்லை. இன்னும் அதே கணக்குதான். உள்ளூர் ஆளுக்கும் நஷ்டம், போன ஆளுக்கும் நஷ்டம், நடுவுல ஒருத்தனுக்கு மட்டும் லாபம்.

சரி, அந்த நடுவுல இருக்கிறவனை ஒரு லட்சம் டாலர் தொட்டதா? அக்டோபர்ல குடியேற்றத் துறை வெளியிட்ட விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க. ஏற்கனவே அமெரிக்காவுக்குள்ள மாணவர் விசாவில் இருக்கிறவர் அங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறினா இந்தப் பணம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து நேரா எடுக்கிற ஆளுக்குத்தான். அதாவது கோயம்புத்தூர்ல எட்டு வருஷம் வேலை பார்த்து, திறமையை மட்டும் கையில வச்சுக்கிட்டுப் போற பொண்ணுக்குக் கதவு மூடிடுச்சு. 40 லட்சம் கடன் வாங்கி அங்கே போய் ஒரு எம்.எஸ். சீட்டு வாங்க முடிஞ்சவனுக்குக் கதவு திறந்திருக்கு. அந்தக் கடன்காரப் பையன்தான் கன்சல்டன்சிக்குத் தேவையான ஆள். பத்திரம் பேங்க்ல இருக்கிறவன் எதிர்த்துப் பேச மாட்டான்ல! பெரிய கம்பெனிகள் எப்படியும் சமாளிச்சுக்கும். கிராமப்புற ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளிக்கூடம், பத்து பேர் வேலை பார்க்கிற சின்ன கம்பெனி இதெல்லாம் 88 லட்சத்துக்கு எங்கே போகும்? அமெரிக்க வர்த்தக சபையே வழக்கு போட்டுது.

இந்த மார்ச்சிலிருந்து குலுக்கல் முறையும் மாறுது. நாலாம் நிலை சம்பளக்காரருக்கு நாலு சீட்டு, முதல் நிலைக்கு ஒரே சீட்டு. சம்பளத்தை உயர்த்தணும்ங்கிற நோக்கம் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா படிச்சு முடிச்ச முதல் வருஷத்துப் பசங்க பெரும்பாலும் எந்த நிலையில் இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். கடன் வாங்கி இப்ப டெக்ஸாஸ்லயும் நியூ ஜெர்சியிலயும் உட்கார்ந்திருக்கிற பசங்களை நினைச்சுப் பாருங்க.

எச்-1பி கிடைச்சவங்களுக்கும் நிம்மதி இல்லை. மொத்தம் ஆறு வருஷம்தான். அதுக்கு மேல இருக்கணும்னா கிரீன் கார்டு வரிசை, அதையும் முதலாளிதான் தொடங்கணும். வேலைவாய்ப்பு வகையில் வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டு, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும் நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. எச்-1பி ஒப்புதல்ல பத்துல ஏழு இந்தியர்களுக்குப் போகுது, அப்புறம் வரிசை எப்படி நகரும்? பத்து வருஷத்துக்கு மேல காத்திருக்கிறவங்க ஏராளம். அங்கே தூக்கிட்டுப் போன குழந்தைக்கு 21 வயசு ஆகிடுச்சுன்னா அப்பா அம்மா வரிசையிலிருந்து அது கழண்டுடும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத, சென்னையை லீவுக்கு மட்டும் பார்த்த பிள்ளை தனியா விசா தேடணும்.

இப்ப நம்ம பக்கம். டெல்லி என்ன செஞ்சது? செப்டம்பர் 20 அன்னிக்கு வெளியுறவுத் துறை ஒரு அறிக்கை விட்டது. குடும்பங்களுக்கு இடையூறு வரும், மனிதாபிமானப் பாதிப்பு இருக்கும், அமெரிக்க அதிகாரிகள் கவனிப்பாங்கன்னு நம்புறோம்னு. நம்புறதுக்கா ஒரு அமைச்சகம்?

விசா யாருக்குக் கொடுக்கணும்ங்கிறது அமெரிக்கா முடிவு பண்ற விஷயம், அதுல நாம தலையிட முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா இதைக் கேளுங்க. எச்-1பியில் இருக்கிற ஒவ்வொருத்தர் சம்பளத்திலும் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடிக்கிறாங்க. முதலாளியும் அதே அளவு கட்டறார். அந்த ஓய்வூதியம் வேணும்னா சுமார் பத்து வருஷம் கட்டியிருக்கணும். எச்-1பி எத்தனை வருஷம்? ஆறு. ஆறு வருஷம் கட்டிட்டு ஊர் திரும்பினவர் பணம் அங்கேயே நின்னுடும், ஒரு பைசா திரும்பாது. ரெண்டு நாட்டுலயும் கட்டின காலத்தைச் சேர்த்துக் கணக்குப் பண்ற ஒப்பந்தம் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் அமெரிக்காவோட இருக்கு. இந்தியாவுக்கு இல்லை. இதுல முந்தைய மத்திய அரசுகளையும் சேர்த்துத்தான் சொல்றேன், பேசிப் பேசியே வருஷம் ஓடிடுச்சு. பிரிட்டனோட 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் போட்டப்போ, அங்கே தற்காலிகமா போற நம்ம ஊழியர்களுக்கு மூணு வருஷம் இந்தப் பிடித்தம் இல்லைன்னு வாங்க முடிஞ்சதே? பிரிட்டன்கிட்ட கேட்கத் தெரிஞ்ச வாய் வாஷிங்டன்ல ஏன் திறக்கலை? நம்ம எம்பிக்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. மீம்ல அடங்காது.

இன்னொண்ணு நம்ம தெருவுலயே செய்யக்கூடியது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டுக்கு மத்திய அரசுப் பதிவு வேணும், சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. 1983 சட்டம். குவைத்துக்குப் போனப்போ எங்க சித்தப்பா அதைக் கேட்டிருக்கார், ஏன்னா அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏமாந்தவர். "யுஎஸ் ஐடி பிளேஸ்மென்ட்" போர்டு மாட்டின ஏசி ஆபீஸ்ல நம்ம பட்டதாரிகள் யாராவது அந்தப் பதிவு எண்ணைக் கேட்டிருக்கோமா? டிரைவர் கேட்ட கேள்வியை இன்ஜினியர் கேட்க வெட்கப்படறோம். தமிழ்நாட்டுல அயலகத் தமிழர் நலத்துறை இருக்கு. வளைகுடாவில் மாட்டிக்கிட்டவங்களுக்காகக் குரல் கொடுக்கிற மாதிரி, இங்கே அப்பா அக்கவுண்ட்ல பணம் பிடுங்கற கன்சல்டன்சிகள் மேலயும் புகார் வாங்க அங்கே ஒரு தனி மேசை வேணும். பணம் கைமாறுறது தமிழ்நாட்டு மண்ணுல, அதனால வழக்கும் இங்கேயே நிக்கும்.

"அவங்க இங்கேயே இருந்தா நாடு முன்னேறும், போனவங்களுக்காக நாம ஏன் கவலைப்படணும்" என்று கமெண்ட்ல எழுதப் போறீங்க, தெரியும். ஓஎம்ஆர்ல புதுசு புதுசா வெளிநாட்டுக் கம்பெனி அலுவலகங்கள் வர்றது உண்மை, சந்தோஷம். ஆனா ஃப்ரெஷர் சம்பளம் மூணரை லட்சத்துலயே நிக்கிற வரைக்கும் வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கும். அந்தச் சம்பளத்தைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதறேன், இதுலயே நீளமாயிடுச்சு.

இப்போதைக்கு உங்ககிட்ட கேட்கிறது இது. உங்க வீட்டிலோ தெருவிலோ எச்-1பிக்குன்னு யாராவது கன்சல்டன்சிக்குப் பணம் கட்டியிருந்தா, பெஞ்ச்ல சம்பளம் இல்லாம இருந்தா, ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர், வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காதீங்க. தொழிலாளர் துறை உறுதிமொழியில் எவ்வளவு சம்பளம் போட்டிருக்குன்னு நகல் கேட்டு வாங்கச் சொல்லுங்க, அது அவங்க உரிமை. தரலைன்னாலும் கவலை இல்லை. கம்பெனி பேரைப் போட்டுத் தேடினா அந்தத் துறையோட இணையதளத்துலயே தகவல் இருக்கும். அப்புறம் நம்ம பக்கத்தோட இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. பேர், ஊர் எதுவும் வெளியே வராது. நம்ம வழக்கறிஞர் அணித் தோழர்கள் ரெண்டு பேர் இதைப் பார்க்க ஒத்துக்கிட்டிருக்காங்க. சீனியரோட ஃபைல்தான் முதல் ஃபைல், நேத்து அவரே அனுப்பி வச்சார். அவர் அப்பாவுக்கு இப்ப ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதாம்.